பூண்டு அண்ணியைக் காணோம்

மகள் கேட்டிருந்தால் ஃபெங்சின் ஒரு சிறுநீரகத்தைக்கூட யோசிக்காமல் கொடுத்திருப்பாள். மகள் கேட்டது அதைவிடக் கொஞ்சம் பெரிய விஷயம். குவைஷோ என்ற வீடியோ செயலியில் இருக்கும் கணக்கைப் பூட்டச் சொன்னாள்.

“அழிக்கச் சொல்லலம்மா. பூட்டி மட்டும் வை. கல்யாணம் முடியட்டும், அப்புறம் உன் இஷ்டம்.”

“அதுல என்னடி தப்பா பண்றேன்? சோறாக்குறேன், நாலு பேரை நலம் விசாரிக்கிறேன்.”

“தப்புன்னு யாரு சொன்னா? மிங்யூ அம்மா பார்த்தா என்ன நினைப்பாங்க, அதான்.”

மகள் ருவோசிக்கு ஹாங்சோவில் விளம்பரக் கம்பெனி ஒன்றில் வேலை. மிங்யூ அவள் கட்டிக்கொள்ளப் போகிற பையன். அவன் அம்மா லோ டீச்சர், கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், கணவரை இழந்தவர். அந்த வீட்டுக்கு ருவோசி முதல் முறை போனபோதே டீச்சர் தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்ன ஒரு வார்த்தை அவளுக்கு முள்ளாகத் தைத்துவிட்டது. “எங்க வீட்டுல தரை துடைக்க வர்ற அம்மா குவைஷோவைச் சத்தமா வெச்சுக்கிட்டே வேலை பார்க்குறாங்க. ஒருத்தன் கத்துறான், ஒருத்தி அழறா. அதுல கிடக்கிற ஜனங்களுக்கு வீடு வாசல் கிடையாதாம்மா?” ருவோசி தேநீரோடு சேர்த்து அதையும் விழுங்கிவிட்டு வந்தாள்.

வீடு வாசல் என்று பார்த்தால் டீச்சர் சொன்னது ஃபெங்சின் விஷயத்தில் பாதி உண்மைதான். லின்யியில் அவர்களுக்கு ஒரு வீடு உண்டு. வருடத்தில் முக்கால்வாசி நாள் பூட்டிக் கிடக்கும். கணவர் குவாங்ஷுன் லாரி ஓட்டுகிறார், அவள் பக்கத்து இருக்கையில். பூண்டு ஏற்றிக்கொண்டு தெற்கே வருவார்கள், கிடைத்ததை ஏற்றிக்கொண்டு வடக்கே போவார்கள். கணவரோடு வண்டியிலேயே வாழ்கிற பெண்களை ரோட்டில் எல்லாரும் ‘லாரி அண்ணி’ என்பார்கள். ஃபெங்சின் ஏற்றுகிற சரக்கைப் பார்த்து ‘பூண்டு அண்ணி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

நடுப்பகலில் வண்டியை எங்காவது ஓரங்கட்டி, ஃபோனை முன்கண்ணாடியடியில் சாய்த்து வைத்துக்கொண்டு, இரண்டு இருக்கைக்கும் நடுவில் மின்சார அடுப்பில் சோறு வைப்பாள். நேரலை. சமையல் சும்மா ஒரு சாக்கு. வருகிறவர்களின் பெயர் ஒவ்வொன்றாகத் திரையில் ஏறும். ஏறுகிற ஒவ்வொரு பெயரையும் சொல்லிக் கூப்பிட்டு வரவேற்பாள், அதுதான் வேலை. “வாங்க, மூணு பொண்ணு அப்பா! கடைக்குட்டி பரீட்சை எழுதிட்டாளா? வாங்க, வழுக்கைச் சிங்கம்! முட்டி வலி எப்படி இருக்கு? தைலம் தேய்ச்சியா, இல்ல சோம்பேறித்தனமா?” பின்னால் படுக்கையில் குவாங்ஷுன் இந்தச் சத்தத்தில் குறட்டை விட்டுத் தூங்குவார்.

போன குளிர்காலத்தில் ‘சிவப்பு வண்டி குவோ’ என்று ஒரு பையன் சில நாள் கண்ணில் படவில்லை. வேலையாக இருப்பான் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். கடைசியில் ஓர் ஓய்வுத் தலத்தில், நிறுத்தின வண்டிக்குள்ளேயே, நெஞ்சுவலியில் போய்ச்சேர்ந்திருந்தான். அன்றைக்கு ஃபெங்சின் சோறு வைக்கவில்லை. ஃபோன் முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டே சொன்னாள்: “இனிமே யாரு ரெண்டு நாள் சத்தம் காட்டலையோ, அவங்களைத் தேடிப் போங்க. வேலை கெட்டாலும் பரவால்ல, போங்க.” அவள் போட்ட சட்டம்தான் அது.

இப்போதெல்லாம் உன் அப்பா என்ன வேலை என்று யாரும் கேட்பதில்லை. ஃபோனில் எதைப் பார்க்கிறாய் என்று தெரிந்தால் போதும், மற்றது தானாகத் தெரிந்துவிடும். கறி வெட்டுகிறவர், கலவை குழைக்கிறவர், லாரி ஓட்டுகிறவர் எல்லாரும் குவைஷோவில். காப்பிக் கோப்பையை மேலேயிருந்து படமெடுக்கத் தெரிந்தவர்கள் சிவப்புப் புத்தகத்தில். பெயர்தான் புத்தகம், அதுவும் ஒரு செயலிதான். இரண்டுக்கும் நடுவில் மதில் ஏதும் இல்லை. ஆனாலும் இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

ருவோசி அந்தப் பக்கம் போய்விட்டவள். அம்மாவையும் கையோடு கூட்டிக்கொண்டு போகப் பார்த்தாள். ‘தெற்குச் சன்னல்’ என்ற பெயரில் சிவப்புப் புத்தகத்தில் அம்மாவுக்கு ஒரு கணக்கு திறந்து, ஒரு கோப்பை, ஒரு பூங்கிளை, பாதி திறந்த ஒரு புத்தகம் என்று தன் அறையிலேயே படமெடுத்துப் போட்டு வைத்தாள். பிறகு பாடம் நடந்தது.

“ரோஜாப்பூ பொம்மை போடக்கூடாது. ‘குடும்பத்தாரே’ன்னு யாரையும் கூப்பிடக்கூடாது. யாராவது உன்னைப் பின்தொடர்ந்தா, விட்டுடு.”

“வந்தவங்களை வாங்கன்னு சொல்ல வேணாமா?”

“வேணாம்மா.”

“வாசல்ல வந்து நிக்கிறவங்களைப் பார்த்து மூஞ்சியைத் திருப்பிக்கறதா? இது என்னடி ஊர்?”

“அங்க அதுதாம்மா மரியாதை.”

பூட்டுவதற்கு முன் எல்லாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன் என்று ஃபெங்சின் கெஞ்சினாள். ஒரு வார்த்தை சொன்னால் ஆயிரம் கேள்வி வரும் என்று மகள் மறுத்துவிட்டாள். அதோடு, டீச்சர் எதிரில் ஃபோன் கூவிக்கொண்டிருக்கக் கூடாது என்று செயலியையே எடுத்துவிடச் சொன்னாள். ஃபெங்சின் எடுத்தாள். மகள் ஆசைப்பட்டு இதுவரை கேட்டது மிகக் குறைவு. பள்ளி நாட்களில் பெற்றோர் கூட்டத்துக்கு ஒருமுறைகூட இவர்கள் போனதில்லை. ஏதோ ஒரு ரோட்டில் இருந்திருப்பார்கள். அந்தக் கடன் அவள் நெஞ்சிலேயே கிடந்தது.

அடுத்த சில நாள் நடுப்பகலில் சோறு மட்டும் வெந்தது. குவாங்ஷுன் படுக்கையில் புரண்டுவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

“தூக்கம் வரலையா?”

“நீ கத்துனாத்தான வரும்,” என்றார்.

பூண்டை ஹாங்சோ காய்கறிச் சந்தையில் இறக்கிவிட்டு, வண்டியை அங்கேயே முற்றத்தில் நிறுத்தினார்கள். சனிக்கிழமை. புதுச் செருப்பு, புதுச் சட்டை. குவாங்ஷுன் மூன்று முறை சோப்புப் போட்டும் விரல் இடுக்கில் பூண்டு வாசனை போகவில்லை. முற்றத்துக் காவல்காரரிடம் ஃபெங்சின் உணவகத்தின் பெயரைக் காட்டி வழி கேட்டாள். “மாப்பிள்ளை வீட்டுக்காரங்களைப் பார்க்கப் போறோம்,” என்று கேட்காமலேயே சொன்னாள். சந்தோஷத்தை அடக்கிவைக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை.

ஏரியைப் பார்த்த அறை. மிங்யூ மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே எழுந்து நின்று வரவேற்றான். லோ டீச்சர் ஒல்லியாக, வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, மெதுவாகப் பேசினார். நல்ல மனுஷிதான், தட்டில் வந்ததையெல்லாம் முதலில் ஃபெங்சினுக்குத்தான் வைத்தார். தட்டுகள்தான் கொஞ்சம் வஞ்சனை செய்தன. இறாலைப் பார்த்த குவாங்ஷுன் மகள் காதில், “இது ருசி பார்க்கவா, சாப்பிடவா?” என்றார். ருவோசி மேசைக்கடியில் அவர் காலை மிதித்தாள்.

“நீங்க சரக்குப் போக்குவரத்துத் துறையில இருக்கிறதா ருவோசி சொன்னா,” என்றார் டீச்சர்.

“ஆமாங்க. அந்தத் துறையிலதான் உட்கார்ந்துக்கிட்டே இருக்கேன்,” என்றார் குவாங்ஷுன். அவர் பொய் சொல்லவில்லை.

டீச்சர் ஃபோனை எடுத்தார். சிவப்புப் புத்தகத்தில் ஃபெங்சினைத் தேடிச் சேர்த்துக்கொண்டு, கோப்பைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “வெளிச்சம் ரொம்ப அழகா விழுது. உங்க வீடா?”

“வீடுதான்,” என்றாள் ஃபெங்சின்.

“எந்த வீடு?” என்று ஆர்வமாக எட்டிப் பார்த்தார் குவாங்ஷுன். அவர் காலுக்கு மறுபடியும் மிதி விழுந்தது.

அந்த ஊரின் புகழ்பெற்ற வினிகர் மீன் வந்து மேசையில் இறங்கிய நேரத்தில் வெளியே ஏதோ கூச்சல். பணிப்பெண் யாரையோ தடுக்கிறாள். “ஐயா, அங்கே போகக்கூடாது, ஐயா!” கதவு திறந்தது. எண்ணெய்க் கறை படிந்த சட்டையில் மலை போல ஓர் ஆள். தலையில் ஒரு முடி இல்லை. கையில் ஃபோனை முன்னால் நீட்டிப் பிடித்திருந்தான். ஃபெங்சினைப் பார்த்ததும் அவன் வாய் கோணியது.

“அண்ணி! உசுரோட இருக்கியா அண்ணி!”

அப்படியே தரையில் உட்கார்ந்து, குழந்தை மாதிரி விம்மி விம்மி அழ ஆரம்பித்தான்.

ஃபெங்சின் அவனை நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் அந்த வழுக்கையை எங்கே பார்த்தாலும் தெரியும். வழுக்கைச் சிங்கம், ஹெனான்காரன். அவளுக்கு அப்போதுதான் தலையில் அடித்தது போலப் புரிந்தது. ரெண்டு நாள் சத்தம் காட்டாவிட்டால் தேடிப் போங்கள் என்று ஊரையெல்லாம் அழவைத்துச் சொன்னவள், சத்தம் காட்டாமல் நாலு நாள் கடையைச் சாத்திவிட்டாள்.

“ஊர் ஊரா தேடுறாங்க அண்ணி! ‘பூண்டு அண்ணியைக் காணோம், பூண்டு அண்ணியைக் காணோம்’னு எல்லாரும் வீடியோ போடுறாங்க. எனக்கு இங்கதான் லோடு. சந்தைக்குள்ள உங்க வண்டியைப் பார்த்துட்டேன். எஞ்சின் ஜில்லுனு கிடக்கு, திரை போட்டிருக்கு. தட்டுறேன், தட்டுறேன், பதிலே இல்ல. எனக்கு அந்தக் குவோ பையன் ஞாபகம் வந்துருச்சு…” சட்டைக் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டான். “கண்ணாடியை உடைக்கப் போயிட்டேன். காவல்கார ஐயாதான் கையைப் பிடிச்சுட்டு, விருந்துக்குப் போயிருக்காங்கடா மடையான்னாரு.”

ருவோசியின் முகம் வெளுத்துவிட்டது. லோ டீச்சர் சாப்பிடும் குச்சிகளை மெதுவாகக் கீழே வைத்தார்.

இந்த ஆளை எனக்குத் தெரியாது, வண்டிக் கம்பெனி ஆள் போலிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மகள் கண்ணாலேயே அதைத்தான் கேட்டாள். ஃபெங்சின் மகளைப் பார்த்தாள். மகளுக்காக எதையும் கொடுப்பாள்தான். ஆனால் தரையில் உட்கார்ந்து அழுகிறவனைக் கொடுக்க அவளால் முடியவில்லை. எழுந்துபோய்த் தன் நாற்காலியை இழுத்து அவன் பக்கம் போட்டாள்.

“எந்திரி. முட்டி வலியை வெச்சுக்கிட்டுத் தரையில உட்காருவியா? சாப்பிட்டியா?”

“காலையிலேருந்து ஒண்ணும் இறங்கல.”

“ருவோசி அப்பா, அந்தச் சோத்தை இப்படித் தள்ளுங்க.”

“இவர் உங்க சொந்தக்காரரா?” என்றார் லோ டீச்சர்.

“இன்னைக்குத்தாங்க முதல் தடவை பார்க்கிறேன்.”

“முதல் தடவையா? அப்புறம் எதுக்கு இப்படி அழறார்?”

ஃபெங்சின் சொன்னாள். குவைஷோ, நடுப்பகல் சோறு, பெயர் சொல்லிக் கூப்பிடுவது, குவோ பையன் செத்தது, அவள் போட்ட சட்டம், கணக்கைப் பூட்டியது. ஒளிக்கத் தெரிந்த வரைக்கும் ஒளித்தாயிற்று, இனி என்ன? யார் பூட்டச் சொன்னது என்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

“நாங்க லாரிக்காரங்கதாங்க. அந்தச் சன்னல் படமெல்லாம் பொண்ணு எடுத்தது. எனக்கு அந்த மாதிரிப் புத்தகம் படிக்கத் தெரியாது. சம்பந்தம் வேணாம்னு நீங்க நினைச்சா எங்க மேல கோவப்படுங்க. பொண்ணு நல்ல பொண்ணு.”

வழுக்கைச் சிங்கம் அந்த நேரத்தில் பசி தாங்காமல் வினிகர் மீனில் ஒரு பெரிய துண்டை எடுத்து வாயில் போட்டு, முகத்தைச் சுளித்தான். அவனுக்குத் தெரிந்த மெல்லிய குரலில், அதாவது அறை முழுக்கக் கேட்கிற மாதிரி, “அண்ணி, மீன் ஊசிப்போச்சு, தொடாதே,” என்றான்.

லோ டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. “எனக்கும் சின்ன வயசுலேருந்து அப்படித்தான் தோணுது. ஊர்ப் பெருமையாச்சேன்னு வெளியில சொல்றதில்லை,” என்றார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தவர், சிரிப்பு நின்ற பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

“போன வருஷம் எனக்குக் கண் ஆபரேஷன். ரெண்டு மாசம் சிவப்புப் புத்தகத்துல ஒரு படம் போடலை. தினம் ஒரு பூ போடுவேன், நிறையப் பேர் பார்ப்பாங்க. திரும்பி வந்து திறந்தா, ஒரே ஒரு கேள்வி வந்திருந்தது.”

“என்னங்க?” என்றாள் ஃபெங்சின்.

“அந்தப் பூஜாடி எங்க வாங்கினீங்கன்னு.”

யாரும் சிரிக்கவில்லை. மிங்யூ அம்மாவின் கையைப் பிடித்தான். ஆபரேஷன் சமயத்தில் அவன் பக்கத்தில் இல்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. ருவோசி அழுதுகொண்டிருந்தாள். சட்டென்று எழுந்து வழுக்கைச் சிங்கத்தின் ஃபோனைக் கையில் எடுத்தாள். அது இன்னும் நேரலையில்தான் இருந்தது. மீன், டீச்சர், குவாங்ஷுனின் புதுச் சட்டை எல்லாவற்றையும் ஆயிரக்கணக்கான லாரிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நான் பூண்டு அண்ணியோட பொண்ணு,” என்றாள் ருவோசி. “கணக்கைப் பூட்டச் சொன்னது நான்தான். அம்மா மேல தப்பில்ல. அவங்க நல்லா இருக்காங்க. என்னை மன்னிச்சுடுங்க… குடும்பத்தாரே.”

திரையில் ரோஜாப்பூ மழை கொட்டியது. நடுநடுவே ஆளாளுக்குக் கருத்து. ‘அழாதே பாப்பா.’ ‘அந்தக் கண்ணாடிக்காரன்தான் மாப்பிள்ளையா? காத்தடிச்சா பறந்துருவான், சோறு போடுங்க.’ ‘வெள்ளை முடி அம்மா யாரு, லட்சணமா இருக்காங்க.’ கடைசிக் கருத்தை ருவோசி சத்தமாகப் படித்துக் காட்டினாள். லோ டீச்சர் கையால் தலைமுடியைச் சரி செய்துகொண்டார்.

இலையுதிர் காலத்தில் கல்யாணம் நடந்தது. ஃபெங்சின் மறுபடி நடுப்பகலில் சோறு வைத்தாள், குவாங்ஷுன் மறுபடி குறட்டை விட்டார்.

அதன் பிறகு ஒரு நாள் ‘சும்மா பார்க்கிறேன்’ என்ற புதுப் பெயர் ஒன்று திரையில் ஏறியது. படம் கிடையாது. “வாங்க, சும்மா பார்க்கிறேன்! எந்த வண்டி ஓட்டுறீங்க?” என்றாள். பதில் இல்லை. மறுநாளும் வந்தது, அதற்கு மறுநாளும். ஒரு வாரம் கழித்து எழுத்து வந்தது. ‘வண்டி இல்லை. அந்த முட்டித் தைலத்தின் பெயர் என்ன? நன்றி.’ அந்தக் கூட்டத்தில் முற்றுப்புள்ளி வைத்து எழுதுகிற ஆள் வேறு யாரும் இல்லை. ஃபெங்சினுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததைக் காட்டிக்கொள்ளவில்லை, அந்தப் பக்கத்தில் அதுதான் மரியாதை என்று மகள் சொல்லிக் கொடுத்திருக்கிறாளே. தைலத்தின் பெயரைச் சொன்னாள். அதன்பின் தினமும் அந்தப் பெயரைக் கூப்பிட்டு, “வாங்க. காலையில சாப்பிட்டீங்களா?” என்று மட்டும் கேட்பாள். ‘சாப்பிட்டேன்.’ என்று வரும்.

குளிர் ஏறிய ஒரு நாள் அந்தப் பெயர் வரவில்லை. மறுநாளும் இல்லை. ஃபெங்சினுக்குக் கை ஓடவில்லை, சோறு அடிப்பிடித்தது. நேரலையிலேயே, எல்லாரும் பார்த்திருக்க, இன்னொரு ஃபோனை எடுத்தாள்; குவாங்ஷுனுடையது.

மணி வெகுநேரம் அடித்தது. “ஹலோ?” தொண்டை கட்டிய குரல்.

“சம்பந்தி, நான் ஃபெங்சின். ரெண்டு நாளா ஆளைக் காணோமே.”

அந்தப் பக்கம் இரண்டு முறை இருமல் கேட்டது.

“நான்தான்னு எப்பத் தெரியும்?”

“அது கிடக்கட்டும். உடம்புக்கு என்ன?”

“காய்ச்சல். பெருசா ஒண்ணும் இல்லை. பசங்க ஊருக்குப் போயிருக்காங்க, எதுக்குச் சொல்லிக்கிட்டுன்னு…” குரல் உடைந்தது. “நான் வரலைன்னு பார்த்தீங்களா?”

“பார்க்காம? நேத்தே பார்த்தேன். இன்னைக்கு வரைக்கும் பொறுத்தேனே, அதுதான் என் தப்பு. சம்பந்தி, எந்திரிச்சுப் போய் மெதுவா கதவைத் திறங்க.”

“எதுக்கு?”

“வழுக்கைச் சிங்கத்துக்கு இன்னைக்கு உங்க ஊர்லதான் லோடு. காலையிலேயே சொல்லி அனுப்பிட்டேன், கஞ்சி வாங்கிட்டு வாசல்ல நிக்கிறான். செருப்பைக் கழட்டிட்டு உள்ள போடான்னு சொல்லியிருக்கேன்.”

அதே நேரம் அந்தப் பக்கம் அழைப்பு மணி அடித்தது. செருப்பு தேயும் சத்தம், தாழ்ப்பாள் சத்தம், பிறகு ஒரு பெரிய ஆண் குரல். “டீச்சரம்மா! உசுரோட இருக்கீங்களா!” அதற்கு மேல் லோ டீச்சர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று ஃபெங்சினுக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அவள் முன்கண்ணாடியடியில் இருந்த ஃபோன் பக்கம் திரும்பினாள். திரையில் ஓர் எழுத்துகூட ஏறவில்லை, எல்லாரும் காத்திருந்தார்கள்.

“இருக்காங்க,” என்றாள். “காய்ச்சல்தான். சரி, போய்ச் சாப்பிடுங்க எல்லாரும்.”